மயில் கட்டிலின் துரு

"ஆத்து மணலா? அண்ணாச்சி, துருவ எடுக்கப் போறியளா, நுரையீரல எடுக்கப் போறியளா?"

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்ப்ரஸரும் மணல் வீசும் மெஷினும் வாடகைக்கு விடும் இசக்கியப்பன் கேட்டான். எதிரே நின்ற கோதண்டம் கையிலிருந்த மணல் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மணல வச்சி ஊதுனா துரு பூடும்னு டயர் கடைக்காரன் சொன்னான், தம்பி. அவன் கம்ப்ரஸரையே தரேன்றான். நீ மணல் ஊதுற கன் ஒண்ணு மட்டும் குடு."

"அந்தக் கம்ப்ரஸருக்கு அர நிமிசம்தான் மூச்சு. ஊதும், இளைக்கும், உக்காந்துரும். இதுக்குக் காத்து நிக்காம வரணும். ஆத்து மணலு அத விட மோசம். இரும்புல மோதி மாவா ஒடைஞ்சிரும். கண்ணுக்குத் தெரியாத மாவு. நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. கர்ச்சீப்பு கட்டுனாலும் நிக்காது." இசக்கியப்பன் ஒரு பிடி சிவப்பு மணலை அள்ளிக் காட்டினான். "இது கார்னெட்டு. கனம் கூட, தூசி கம்மி. ஆமா, எதத் தேய்க்க இம்புட்டு அவசரம்?"

கோதண்டத்தின் குரல் இறங்கியது.

"எம் பொண்டாட்டி மரகதம் கோச்சிக்கினு வாலாஜாபாத்ல அம்மா வூட்டுக்குப் போயி ஒம்போது நாளாச்சி. அங்கேர்ந்தே கம்பெனி பஸ் புடிச்சி டூட்டிக்குப் போறா. வூட்டுப் பக்கம் வர்ல. கல்யாணத்துக்கு அவுங்கப்பா குடுத்த இரும்புக் கட்டிலு, தலமாட்டுல மயில் வச்சது, துருப்புடிச்சிப் போச்சி. காயலான் கடையில போட்டுடலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன். மயிலு பழையபடி ஆனாத்தான் வருவேன்னுட்டா."

"மயிலா? றெக்கையெல்லாம் கம்பி வளச்சதா?" இசக்கியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். "அப்ப எமரித்தாள் நுழையாது. வயர் பிரஷ் மேலாப்புல தேய்க்கும், இடுக்குல துரு உக்காந்து சிரிக்கும். மணலுதான் சரி. ஆனா பழகாத கையி அடிச்சா மயிலு காக்காயாயிரும். நம்மகிட்ட ஞாயித்துக்கிழம மட்டும் வார கை ஒண்ணு இருக்கு. பெரிய கம்பெனியில இதே வேலை. வீட்டு அட்ரஸ எழுதிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினோடு குட்டியானை வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கிய இசக்கியப்பன், கோதண்டத்தை உடனே தெருவுக்கு விரட்டினான்.

"அக்கம் பக்கத்துல சொல்லிட்டு வாங்க. காயுத துணிய எடுக்கணும், ஜன்னலச் சாத்தணும்."

கோதண்டம் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. உள்ளே தோல் அங்கியும் முழங்கை வரை கையுறையும் தோள் வரை இறங்கிய ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, நிலாவுக்குக் கிளம்பிய மாதிரி ஓர் உருவம் தயாராக நின்றது.

"வணக்கம் மேஸ்திரி."

ஹெல்மெட் லேசாக ஆடியது.

"பின்னால போற குழாயில மூச்சுக்கு சுத்தமான காத்து வருது," என்றான் இசக்கியப்பன். "மணலு வார நாசில் பிடியில ஒரு விசை இருக்கு. கைய எடுத்தா மணலு தானா நின்னுரும். அப்பிடி இல்லாத மெஷின நான் வாங்கவே மாட்டேன். நீங்களும் இந்த மாஸ்க்கப் போட்டுட்டுத் தள்ளி நில்லுங்க."

மணல் சீறியது. பழுப்பு உதிர்ந்த இடத்தில் வெள்ளிச் சாம்பலாய் இரும்பு விழித்தது. கோதண்டம் தார்ப்பாய் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு குதித்தார்.

"தம்பி, கொண்ட தெரியுது. தம்பி, மூக்கு. இன்னா கூர்ப்பா கீது பாரு."

பாதி வேலையில் மணல் தீர்ந்தது. காற்றை இறக்கிவிட்டுத் தொட்டியை நிரப்பினான் இசக்கியப்பன். அந்த இடைவெளியில் கோதண்டம் தார்ப்பாய்க்குள் நுழைந்துவிட்டார்.

"மேஸ்திரி, உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா. இந்தக் கட்டில மொட்ட மாடில போட்டது மச்சான்தான்னு அவளாண்ட சொல்லி வச்சிக்கிறேன். போட்டது நான். வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சப்போ தூக்கிப் போட்டேன், ரெண்டு மழைக்காலம் மறந்துட்டேன்."

ஹெல்மெட் மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

"அவ வைக்கிற ரசத்த வாயில வைக்க முடியாது, மேஸ்திரி. ஆனா இத்தினி நாளா அந்த ரசத்துக்கே நாக்கு ஏங்குது. வூடு வூடாவே இல்ல."

கையுறைக் கை மயிலின் வாலைத் தடவித் தடவிப் பார்த்தது. இசக்கியப்பனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அண்ணாச்சி, வெளிய வாங்க. காத்தத் திறக்கப் போறேன்."

மதியத்துக்குள் வேலை முடிந்து கம்ப்ரஸர் ஓய்ந்தது. மயில் இறகு இறகாக நின்றது.

"இன்னைக்கே ப்ரைமர் அடிச்சிரணும்," என்றான் இசக்கியப்பன். "வெறும் இரும்பு காத்துல நின்னா மறுபடி சிவந்துரும்."

கோதண்டம் காதில் வாங்கவில்லை. கட்டிலை மூன்று முறை சுற்றி வந்து, ஹெல்மெட்டின் முன் கைகூப்பினார்.

"மேஸ்திரி, இது கையில்ல, வரம். ஒரே ஒரு உதவி. எம் பொண்டாட்டியாண்ட நீங்களே ஒரு வார்த்த பேசணும். என்னப் பத்தி நல்லவிதமா சொல்லுங்க. தொழில் தெரிஞ்சவங்க சொன்னா கேப்பா."

கையுறைகள் கழன்றன. வார் அவிழ்ந்தது. ஹெல்மெட் மேலே உயர, வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடியை ஒதுக்கியபடி நின்றாள் மரகதம்.

"நாலு வருசமா கம்பெனிக்குப் போறேன். அங்க இன்னா வேலைன்னு ஒரு நாளாச்சும் கேட்டியாய்யா?"