தேயாத பாறை

பன்னிரண்டாவது வருடமும் அளவு பூஜ்யம்தான்.

பாலைவனத்துப் பாறையில் நாற்பது ஆணிகளை மட்டத்தோடு மட்டமாக அடித்திருந்தார் ஆராய்ச்சியாளர். மணற்காற்றில் பாறை தேயத் தேய ஆணி வெளியே தெரிய வேண்டும்; தெரிகிற நீளம்தான் தேய்மானம். ஒன்றுகூட இம்மியளவும் வெளியே வரவில்லை. இந்த முறையும் முடிவு காட்டாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாக மேலிடத்துக் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"கல்லுல நார்கூட உரிச்சிடலாம் போலிருக்கு. இதுல ஒரு மில்லிமீட்டர் உரிய மாட்டேங்குதே!" என்று பாறையை எட்டி உதைத்தார். கால் விரல்தான் வீங்கியது.

காவலாளி ஓடிவந்தார். "என்ன சார் ஆச்சு?"

"எல்லாம் போச்சு அண்ணே. மூட்டை கட்ட வேண்டியதுதான். நாளையிலேருந்து உங்களுக்கும் இங்க வேலை இல்ல."

காவலாளியின் முகம் சுருங்கிப்போனது.

"என் வேலையில என்ன சார் குறை கண்டீங்க? வருஷா வருஷம் நீங்க வர்றதுக்கு முந்தின நாள் நாப்பது ஆணியையும் தடவிப் பாத்து, துருத்திக்கிட்டு நிக்கறதையெல்லாம் சுத்தியலால உள்ள அடிச்சு, மட்டமாத்தானே வச்சிருந்தேன்!"