மத்தியானத்தில் திறந்த நோன்பு

ரமலான் மாசம், பகல் ரெண்டரை மணிக்கு, பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து நோன்பு திறக்கும் பாங்குச் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது?

ஷாகிராவுக்கு இருந்தது. கச்சேரி ரோட்டுச் சந்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பொழுது சாய்ந்தால்தானே நோன்பு திறக்க முடியும்? மொட்டைமாடியில் எடுத்த துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போய் வஜீஹா வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி. அது போதாதா ஷாகிராவுக்கு?

உள்ளே டியூப்லைட் எரிந்தது. வஜீஹாவின் மாமனார் மெஹபூப் பாஷா தலையில் தொப்பியோடு பாயில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். முன்னால் நோன்புக் கஞ்சி. எதிரே வஜீஹா. அவள் கையிலும் ஒரு கிண்ணம்.

"தவ்பா, தவ்பா!" ஷாகிரா கதவை இடித்தாள்.

வஜீஹா பாதிக் கதவைத் திறந்தாள். "மெதுவாக்கா. மாமா சாப்பிடுறாங்க."

"அதான் பார்த்தேனே! இன்னாடி அநியாயம் இது? பட்டப்பகல்ல நோன்பு திறக்கறீங்க. நீயும் கூட உக்காந்து ஊத்திக்கினு கீறே!"

"என் கிண்ணம் காலிக்கா. நான் குடிக்கற மாதிரி காட்டினாத்தான் மாமா குடிப்பாங்க."

"நல்லா விடுறே கதை."

"இல்லக்கா. மாமாவுக்கு மறதி நோய்னு உங்களுக்கே தெரியும். பெத்த பிள்ளை பேரு மறந்துடுச்சு. என்னை ஆஸ்பத்திரி நர்ஸ்னு நினைச்சுக்கறாங்க. நோன்பு மட்டும் மறக்க மாட்டேங்குது. சர்க்கரை மாத்திரை போட்டுட்டு பச்சைத் தண்ணி குடிக்காம இருந்து, போன வாரம் மயங்கி விழுந்துட்டாங்க. டாக்டர் நோன்பே கூடாதுன்னுட்டார். அதைச் சொன்னா, 'சின்ன வயசுலேர்ந்து ஒண்ணு விட்டதில்லையே'ன்னு தேம்பித் தேம்பி அழறாங்க. பார்க்க முடியலைக்கா. அதான் வீட்டை இருட்டாக்கி..."

"அதுக்குன்னு பெரிய மனுஷரை ஏமாத்துவியா? அதுவும் பாங்கு போட்டு?"

உள்ளேயிருந்து பெரியவரின் குரல் குஷியாக வந்தது. "வாசல்ல யாரும்மா? நோன்பு திறக்கற நேரத்துல வந்தவங்களை நிக்க வைக்கலாமா? கூப்பிடு உள்ள. கஞ்சி ஊத்திக் குடு!"

ஷாகிரா காதைப் பொத்திக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் ஃபராஸ் பாவம், தரமணியில கம்ப்யூட்டரைப் பார்த்துக்கினு உக்காந்துகினு கீறார். நீ இங்க மார்க்கத்தோட விளையாடிக்கினு கீறே. இரு, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன். ஜமாஅத்துல கூப்பிட்டுக் கேட்டாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்."

வஜீஹாவின் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்தினால் தப்பு உறுதி. ஷாகிரா வீடு திரும்பி, புருஷனுக்காக வாசலிலேயே காத்திருந்தாள்.

அப்துல் கஃபார் அந்தப் பேட்டைப் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கு சொல்கிறவர். கொஞ்ச நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்து மின்விசிறிக்கு அடியில் சாய்ந்தார்.

"கேட்டீங்களா இந்தக் கூத்தை!" என்று ஆரம்பித்தாள் ஷாகிரா. பார்த்ததைச் சொன்னாள். பார்க்காததையும் கண், மூக்கு, காது வைத்துச் சொன்னாள். காலிக் கிண்ணம் அவள் வாயில் நிறைகிண்ணமாகி, பக்கத்தில் ஒரு தட்டு சமோசாவும் சேர்ந்துகொண்டது.

"நோன்பு வச்சுக்கிட்டு புறம் பேசாதே ஷாகிரா."

"இதுவா புறம்? நியாயம் கேக்கறேன். அந்தப் பாங்கு யாரோட குரல் தெரியுமா? உங்க குரல்! பள்ளிவாசல் ஸ்பீக்கர்லேர்ந்து போன்ல புடிச்சு வச்சிக்கினு கீறா அந்தக் கள்ளி. உங்க குரலையே திருடியிருக்கா, உங்களுக்கு ரோஷமே வரலையா?"

"போன்லயும் போட்டுப் பார்த்தாங்க. பாஷா பாய் மசியலை. 'டப்பாவுல வர்றதெல்லாம் பாங்கா? அப்துல் கஃபார் இன்னும் சொல்லலை'ன்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டார். மனுஷருக்கு எல்லாம் மறந்தும் அந்த வித்தியாசம் மட்டும் தெரியுது."

ஷாகிரா முறைத்தாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்கிட்டயும் கேட்டுட்டேன். நோயாளிக்கு நோன்பு கடமையில்லைன்னுட்டார். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லி வச்சதே நான்தான். வெளிய தெரிஞ்சா எவனாவது பெரியவர்கிட்ட உளறுவான், அவர் மறுபடி பட்டினி கிடப்பார்."

"அப்ப இன்னிக்கு நான் கேட்ட பாங்கு?"

அப்துல் கஃபார் எழுந்து உட்கார்ந்தார்.

"நீ கதவை இடிச்சப்ப, அவங்க சமையல்கட்டுல பாங்கு சொல்லி முடிச்சு, காதுல வச்ச கையை எடுக்காம நின்னுட்டிருந்தது நான்தான். நீ போட்ட சத்தத்துல வெளிய வரத்தான் பயமாயிருந்துச்சு."