அரியணையின் அடிப்பக்கம்

உயரமான சன்னலின் காலை வெயிலில் அரியணை நான்கு கால்களையும் தூக்கிக் கவிழ்ந்து கிடக்கிறது. அடிப்பலகையில் பதினெட்டுப் பெயர்கள்; முடிசூடும் நாளில் ஒவ்வொரு அரசரும் தம் கையாலேயே செதுக்கியவை. முதல் பெயர்களில் விரல் புதைகிறது. கீழே வர வர வெறும் கீறல்கள். ஆற்றின் இக்கரை அண்ணனுக்கு, அக்கரை தங்கைக்கு என்று ஆன பிறகு, பிரிக்காமல் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தச்சர் நடுவே இழுத்த கரிக்கோடு கடைசிப் பெயரின் மேல் ஏறிப் போகிறது. “அப்பா பேரு என் பக்கம் வரட்டும்” என்கிறான் அண்ணன். “மூத்தவன்னா எல்லாமே உனக்கா அண்ணே?” என்கிறாள் தங்கை. தச்சர் ரம்பத்தோடு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். “கோட்டு மேலயே அறுங்க” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். இன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே பேச்சு அது. ரம்பம் கரகரவென்று இறங்க, மரத்தூள் வெயிலில் மினுங்கி அண்ணனின் செருப்பிலும் தங்கையின் மடியிலும் படிகிறது. பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து, கண் தெரியாத அப்பாவின் குரல் வருகிறது. “என்னம்மா சத்தம்?” தங்கை அறைப் பக்கம் திரும்புகிறாள். “விறகுப்பா. குளிருதுன்னீங்கல்ல.” ரம்பம் நின்றுவிடுகிறது. “நல்லாக் காஞ்ச கட்டை போலிருக்கே” என்கிறார் அப்பா. “அண்ணனுக்கும் பாதி குடுத்துடும்மா.”