ஒன்பதே படகுகள்

புயல் நெருங்கிவிட்டது. கடலில் நின்ற நாற்பது படகுகளின் இருப்பிடமும் படகுக்கு ஒரு ஃபைலாகச் சென்னை சர்வரில் இருந்தது. மீனவர் சங்க அலுவலகத்தில், திரையில் கட்டங்களைக் கோடுகளால் இணைத்துத் தான் செய்த புரோகிராமை ஓட்டி, ஜிஷா அவற்றைத் தன் கணினியில் இறக்கினாள்.

ஒன்பதுதான் வந்தன. மற்றவை மூழ்கிவிட்டன என்று வாசலில் பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள்.

"வந்த பேர வாசி மக்கா," என்றார் சங்கத் தலைவர் ததேயு.

"சகாயமாதா, அந்தோணியார், சவேரியார்..."

"நில்லு! நம்ம கரையில சகாயமாதா மட்டும் பன்னெண்டு படகு உண்டே!"

ஜிஷா தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஃபைலையும் படகின் பெயரிலேயே சேமித்ததால், அடுத்த சகாயமாதா வந்ததும் முந்தையது அழிந்திருந்தது. பெயருக்குப் பதில் பதிவு எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள்.

நாற்பதும் வந்தன, நாற்பதும் கரைநோக்கி.

"மாதா காப்பாத்திட்டா!" என்றார் ததேயு.

பதினொரு படகை விழுங்கியதும் அந்த மாதாவின் பெயர்தான் என்று நினைத்தபடி ஜிஷா திரையை வாசல் பக்கம் திருப்பினாள்.