ஒரு விரற்கடை டையீன்

"சார், திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்!"

பேராசிரியர் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அந்த ஆராய்ச்சி மாணவி அறைக்குள் புயலாக நுழைந்தாள். பின்னாலேயே, அவளுடைய பாட்டிலைக் கையில் ஏந்தியபடி பக்கத்து மேஜை மாணவன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். லேபில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

"என் டையீன், சார்! ஒரு வாரமா தினம் ஒரு விரற்கடை குறையுது. சாயங்காலம் பேனாவால கோடு போட்டு வெச்சுட்டுப் போறேன். காலையில கோட்டுக்குக் கீழே நிக்குது. இன்னிக்கு சீக்கிரம் வந்தா, இவன் என் மேஜைகிட்ட பாட்டிலும் கையுமா நிக்கறான்!"

டையீன் என்ற அந்தத் திரவம் இல்லாவிட்டால் அவளுக்கு ஆராய்ச்சியே இல்லை. அதோடு இன்னொரு மூலக்கூறைச் சேர்த்தால், எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் கை மாறி, ஆறு கார்பன் வளையம் ஒரே படியில் மூடிக்கொள்ளும். "நடுவுல தரகரே கிடையாது" என்று சொல்லிக் கரும்பலகையில் அவள் அம்புக்குறி போடும் அழகைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். விளைச்சலும் தொண்ணூறு சதவீதம். கேட்டால் "கைராசி" என்பாள்.

"இவனை லேப்பை விட்டு அனுப்புங்க, சார். இல்லேன்னா நான் போறேன்!"

கைராசிக்காரியை விட முடியுமா? பேராசிரியர் அவனை நீக்கிக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"எடுத்தியாப்பா?"

"தினமும் எடுத்தேன், சார்."

"பார்த்தீங்களா! கொஞ்சம்கூட வெட்கமில்லாமச் சொல்றான்!"

"எதுக்கு எடுத்தே?"

"அவங்க அதை மேஜையிலேயே விட்டுட்டுப் போயிடறாங்க, சார். ஃப்ரீசர்ல வைக்கறதில்லே."

பேராசிரியரின் பேனா நின்றது.

"ஏம்மா, குளிர்ல வைக்காத டையீன் என்ன ஆகும்?"

"தன்னோட தானே ஜோடி சேர்ந்து வளையம் மூடிக்கும், சார். அப்புறம் வேலைக்கு..."

மிச்சத்தை அவள் விழுங்கிவிட்டாள். போன மாதம் இதே விஷயத்துக்கு அம்புக்குறி போட்டுக் கைதட்டல் வாங்கியவள் அவள்தான்.

"அப்போ இவளுக்கு எப்படிய்யா தொண்ணூறு வந்தது?"

"காலையில ஆறு மணிக்கு வந்து, காய்ச்சி, ஜோடியைப் பிரிச்சு, வடிச்சு வெச்சுடுவேன், சார். ரெண்டு மாசமா."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கறதுதானே?"

"முதல் நாளே சொன்னேன், சார். 'எனக்கே மெக்கானிசம் சொல்லித் தர்றியா'ன்னு கேட்டாங்க. இன்னொரு தடவை சொதப்பினா இவங்க பதிவை ரத்து பண்ணிடுவேன்னு அப்போ நீங்களும் சொல்லியிருந்தீங்க."

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

"அதெல்லாம் சரி. பாட்டில்ல தினம் குறைஞ்சதுக்கு என்ன பதில்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"வடிக்கறப்போ கொஞ்சம் சேதாரம் ஆகுங்க. இத்தனை நாளா என் பாட்டில்லேருந்து ஊத்திச் சரிக்கட்டினேன். என்னோடது தீர்ந்து ஒரு வாரமாச்சு."