ரங்கூன் நோட்டு

பழைய நோட்டு, நாணயம் வாங்கும் கடைக்காரர் நோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். பஸ் மாறி மாறி மதுரைக்கு வந்ததில் கால் வீங்கியிருந்தது. இந்த வயதில் இது என்ன அலைச்சலோ. வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொடுத்தாளோ இல்லையோ.

அப்பா ரங்கூனிலிருந்து தபாலில் அனுப்பிய நூறு ரூபாய். களவுக்குப் பயந்து அந்தக் காலத்தில் பெரிய நோட்டைப் பாதியாக வெட்டித்தான் அனுப்புவார்கள். முதல் பாதி சேர்ந்த தகவல் வந்த பிறகு மறுபாதி.

இரண்டையும் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியவள் அம்மா.

நோட்டு செல்லவில்லை.

கள்ள நோட்டை அனுப்பி ஏமாற்றிவிட்டார் என்று அம்மா சொல்லக் கேட்டுக் கேட்டே அவள் வளர்ந்தாள். அதற்குப் பிறகு அம்மா அவருக்குக் கடிதம் போடவில்லை. செத்துப்போன சேதி வந்தபோது அழவும் இல்லை.

அப்பாவின் முகம்கூட அவளுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் பிடிக்கும். அம்மா கண்ணை மூடுவதற்குள் அவர் பேரில் இருக்கும் பழியைத் துடைத்துவிட வேண்டும்.

கடைக்காரர் காகிதத்தைத் தடவினார். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பாதியும் அசல்தாம்மா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் லென்ஸை இன்னும் எடுக்கவில்லை.

"ஆனா நம்பர் வேற வேற. ரெண்டு நோட்ட வெட்டி ரெண்டு வீட்டுக்கு அனுப்பியிருக்காரு. மறுபாதி போடையில கவர் மாறிப்போச்சு. இதுகளோட ஜோடி அந்த வீட்டுல இருக்கும். சொந்தக்காரங்க யாரும்மா?"

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பெற்றவர்களும் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள்.

அவள் நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தூங்கத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாதியை மட்டும் சொன்னாள்.

"அசல் நோட்டுத்தான்னு கடைக்காரரு சொல்லிட்டாரும்மா. அப்பா ஏமாத்தல."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே கேட்டாள்.

"நம்பரப் பாத்தாரா?"

அவள் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா."

அம்மாவின் கை துழாவி வந்து அவள் முழங்கை மேல் விழுந்தது. அதில் கனமே இல்லை.

"அப்ப அது கள்ள நோட்டுத்தான். நீ போயிச் சாப்பிடு."