இடப்பக்கக் கண்ணாடி

"தலையைத் திருப்பாதீங்கண்ணா, கண்ணு மட்டும் என் விரல்கூட வரட்டும்" என்றார் மனநல டாக்டர் நிலோஃபர். அவருடைய இரண்டு விரல்கள் பேருந்து ஓட்டுநர் சங்கிலிமுத்துவின் முகத்துக்கு முன்னால் வலமும் இடமுமாகப் போய்வந்தன. படியைப் பிடிக்க ஓடிவந்த ஒரு பெண் அவர் ஓட்டிய வண்டியின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்த நாளிலிருந்து அவரால் பேருந்து ஓட்ட முடியவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே இடப்பக்கக் கண்ணாடியில் அவள் ஓடிவருகிறாள். அதை நினைத்துக்கொண்டே விரலைப் பார்க்கவேண்டும். பார்க்கப் பார்க்க அந்தக் காட்சியின் பிடி தளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் விரல் இடது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் சங்கிலிமுத்துவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. "இது பஸ் இல்லண்ணா. காலை லூசா விடுங்க." "நான் சொன்னா அது எங்க மேடம் கேக்குது? அன்னைக்கு பிரேக்க மிதிடான்னு கத்தினேன், அப்பவும் கேக்கல." டாக்டரின் விரல்கள் இடது ஓரத்திலேயே நின்றுவிட்டன. சங்கிலிமுத்துவின் கால் மிதித்தது மிதித்தபடி இருந்தது. "போதும், நிறுத்திக்கலாமா?" "கையை எடுத்துராதீங்க மேடம்" என்றார் அவர், கண்ணை நகர்த்தாமல். "பிரேக்குல நிக்குறேன். அவ ஏறிக்கட்டும்."